வழு, வழாநிலை, வழுவமைதி: திறந்த மூல மென்பொருளில் திருத்தற்பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு எழுதப்படும் முறையில் ஒரு பக்கச்சார்பு நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. கருவியைப் புனைந்தவரின் பெயர் பொறிக்கப்படுகின்றது. அதனைப் பழுதுபார்த்துப் பயன்பாட்டுக்கு உகந்ததாகப் பேணுவோரின் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. இலக்கிய வரலாறும் இதற்கு விலக்கன்று. நூலாசிரியரை விதந்தோதும் நாம், ஏடெழுதியவரையும் அச்சுக்கோத்தவரையும் படியொப்பிட்டுப் பிழை திருத்தியவரையும் முன்னுரையின் கடைசிப் பத்தியில் நன்றி கூறி அனுப்பிவிடுகின்றோம். உழைப்பின் ஒரு பகுதி படைப்பு எனவும் மற்றொரு பகுதி ஏவல் எனவும் பிரிக்கப்படுவது வர்க்க சமுதாயத்துக்கே உரிய ஒரு பார்வையாகும். இப்பார்வையை ஓரளவு கேள்விக்குள்ளாக்கும் உற்பத்தி முறையொன்று கணினித் துறையில் கடந்த சில தசாப்தங்களில் உருப்பெற்றுள்ளது. அதுவே திறந்த மூல மென்பொருள் எனப்படுவது. நிரலாளர் எழுதும் மூல நிரலை எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் இடமளித்து, வந்துசேரும் திருத்தங்களைத் திருத்தியவரின் பெயரோடும் நாளோடும் காரணத்தோடும் பதிவுசெய்து வைப்பது இம்முறை.

இக்கட்டுரையில் அத்தகைய திருத்தற்பணியின் வரலாற்றை மாம்புரியிலிருந்து நோக்க முயல்கின்றோம். மாம்புரி, புத்தளம் மாவட்டத்திலே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில், தமிழ் பேசும் மக்கள் வாழும் ஒரு கரையோரச் சிற்றூர். அங்கு மென்பொருள் ஆக்கப்படுகின்றது என்று எவரும் உரிமை கோரமாட்டார். ஆயின் பிறவிடத்தில் ஆக்கப்பட்ட மென்பொருள் தமிழ் பேசும் மீனவர், தோட்டச் செய்கையாளர், மாணவர் கைகளுக்கு வந்துசேரும் எல்லைகளில் அதுவும் ஒன்று. பொருளின் குறை அதனை ஆக்கும் இடத்தைவிடப் பயன்படுத்தும் இடத்திலேயே முதலில் வெளிப்படும். எனவே திருத்தத்தின் வரலாற்றை அந்த எல்லையிலிருந்து தொடங்குவது முறையானது.

மென்பொருளில் நேரும் குறைக்குத் தமிழில் ‘வழு’ என்னும் சொல் வழங்குகின்றது. இது நல்ல தெரிவு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிடத்தும் வழு நேரும் என வகுத்த நம் இலக்கண மரபு, அதனைக் கையாள்வதற்கு இருவழிகளைக் கூறிற்று. வழுவாது காத்தல் ஒன்று. வழுவெனத் தெரிந்தும் காரணம்பற்றி ஏற்று அமைத்துக்கொள்ளல் மற்றொன்று. முன்னையது வழாநிலை, பின்னையது வழுவமைதி. எது வழு, எது அமைதி என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாவை இலக்கண ஆசிரியர் எழுப்பவில்லை. சான்றோர் வழக்கு என்று கூறி அமைந்தனர். நாம் அவ்வினாவை எழுப்பியாக வேண்டும்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒவ்வொரு படியும் ஒரு புதிய நூலாகவே இருந்தது. படியெடுப்போர் பிழையும் விட்டார். பிழையெனத் தமக்குப் பட்டதைத் திருத்தியும் எழுதினார். அத்திருத்தம் மூல ஏட்டுக்குத் திரும்பிச் செல்வதற்கு வழியில்லை. பாடபேதங்கள் பெருகியமைக்கு இதுவே பொருளியல் அடிப்படை. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் இந்தியாவில் சுதேசிகள் தடையின்றி அச்சகம் நடத்த வாய்ப்பேற்பட்டது. பதிப்பாசிரியர் என்னும் புதியதொரு வகையினர் தோன்றினர். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் அதே 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும் பல ஊர்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டனர். நூலின் இறுதியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஓர் அட்டவணை சேர்ப்பதும் வழக்கமாயிற்று. வாசகர் தம் கைப்படியில் எழுதுகோலால் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தம் வாசகரை அடைந்தது. வாசகரின் திருத்தம் பதிப்பாசிரியரை அடைந்ததா என்பது கடிதப் போக்குவரத்தையும், மறுபதிப்புக்குப் பொருளுதவி கிட்டியதா என்பதையும் பொறுத்திருந்தது.

இதற்கு மாம்புரிக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய ஊர்விவரத் தொகுப்பொன்றையும் 1859இல் ‘தமிழ் புளூராக்’ எனும் புலவர் வரலாற்று அகராதியையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிற்கூறிய நூலில் இருநூறளவிலான புலவர்கள் இடம்பெற்றனர். முன்னோடி முயற்சியாதலின் விடுபாடுகளும் வழுக்களும் அதில் இருந்தமை வியப்பன்று. அவற்றை நிறைவுசெய்யும் வகையில் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற தனிநூலைத் தமிழில் எழுதினார். புலவர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. காசிச்செட்டியின் நூலோ 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு மறுபதிப்பானது. முதல் நூலுக்கும் அக்குறிப்புகளுக்கும் இடையே எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு நூலின் திருத்தம் இன்னொரு நூலாகவே வெளிவர முடிந்தது என்பதும், அதற்கு ஒரு வாழ்நாளும் ஓர் அச்சகமும் தேவைப்பட்டன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

திறந்த மூல மென்பொருளின் வரலாற்றுப் புதுமை இந்த இடத்திலேயே காணப்படுகின்றது. இலவசம் என்பது அதன் சாரமன்று. திருத்தம் மூலத்துக்கே திரும்பிச் சென்று, அடுத்த படியை எடுப்போர் அனைவருக்கும் உரியதாகின்றது என்பதே அதன் சாரம். இதற்கான கருவிகள் எளியவை. இரு பனுவல்களை ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை மட்டும் தரும் ‘டிஃப்’ என்னும் நிரல் 1970களின் நடுப்பகுதியில் யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது. அவ்வேறுபாட்டுப் பட்டியலைப் பெற்றுக்கொண்டு மூலத்தில் தானாகவே பொருத்தும் ‘பேட்ச்’ என்னும் நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டே. முழு நூலையும் அனுப்பாமல் ‘இந்த வரியை நீக்கி இந்த வரியை இடுக’ என்ற அளவில் சில வரிகளை மட்டும் அனுப்ப முடிந்ததால், தொலைவிலிருக்கும் அறிமுகமற்றவரும் பங்குகொள்ள இயன்றது. நம் பதிப்பாசிரியர்களின் பிழைதிருத்த அட்டவணைக்கும் இதற்கும் வடிவில் வேறுபாடு மிகக் குறைவு. செல்லும் திசைதான் வேறு.

அப்பாச்சி என்னும் இணைய வழங்கி மென்பொருளின் பிறப்பு இதற்குத் தக்க சான்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த ஆய்வு நிலையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி நிரல், அவர் 1994இல் நிலையத்தை விட்டு நீங்கியபின் கவனிப்பாரற்றுப்போனது. அதனைப் பயன்படுத்தியவர்கள் ஆங்காங்கே தாமே எழுதிவைத்திருந்த ஒட்டுக்களை 1995இல் ஒன்றுசேர்த்தனர். ஒட்டுப்போட்ட வழங்கி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்தே பெயர் வந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. பெயர்க்காரணம் எவ்வாறாயினும், ஆசிரியர் கைவிட்ட பனுவலை வாசகர்கள் தம் திருத்தங்களால் உயிர்ப்பித்தனர் என்பது வரலாற்றுண்மை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் மின்னஞ்சலில் வந்த ஒட்டுக்களாலேயே வளர்ந்தது. 2003இல் ஒரு நிறுவனம் லினக்ஸில் தன் உடைமையான நிரல் கலந்திருப்பதாக வழக்குத் தொடுத்ததை அடுத்து, 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அதனை அளிக்கும் உரிமை தமக்குண்டு எனத் திருத்தியவர் தம் பெயரிட்டு உறுதிகூறும் முறை புகுத்தப்பட்டது. திருத்தியவரின் பெயர் இவ்வாறு நிலைபெற்றமைக்கு நன்றியுணர்வு காரணமாகவில்லை. சொத்துரிமை வழக்கு காரணமாயிற்று.

இனி, தமிழ் வழுவொன்று எவ்வாறு நேர்கின்றது, அதைத் திருத்துவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ‘மாம்புரி’ என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்ற சிறுவர் எவரும் அதில் நான்கு எழுத்துகள் உள்ளன என்பார்: மா, ம், பு, ரி. யூனிக்கோடு குறியேற்றத்திலோ அது எட்டுக் குறியீட்டெண்களாகச் சேமிக்கப்படுகின்றது. மகரம், ஆகாரக் குறி, மகரம், புள்ளி, பகரம், உகரக் குறி, ரகரம், இகரக் குறி என்பன அவை. பெருவழக்கான சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும்; ஆக இருபத்துநான்கு பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு பைட்டு போதும். ஊர்ப்பெயருக்கு இருபது பைட்டு தாராளம் எனக் கருதி ஒரு நிரலாளர் இடம் ஒதுக்குகின்றார் என்று கொள்வோம். ஆறு குறியீட்டெண்கள் முழுதாக அடங்கும். ஏழாவதான ரகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே நிற்கும். திரையில் ‘மாம்பு’ என்று தோன்றி, அதன்பின் பொருளற்ற குறியொன்று நிற்கும். நிரலாளர் பைட்டுக்குப் பதிலாகக் குறியீட்டெண்ணை எண்ணி மூன்றில் வெட்டினாலும் புள்ளி கழன்று ‘மாம’ என்றாகும். எழுத்தை எழுத்தாக எண்ணினால் மட்டுமே இவ்வழு நீங்கும்.

அண்டை ஊரான நுரைச்சோலையின் பெயர் இன்னும் சிக்கலானது. ஐகாரக் குறி கண்ணுக்கு மெய்யின் முன்னே தோன்றும், சேமிப்பில் மெய்யின் பின்னே நிற்கும்; ‘சோ’வில் குறி இருபுறமும் சூழும். இவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டுவது எழுத்துருவமைப்பு நிரலின் வேலை. நம் நாட்டில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவில் இவ்வொழுங்கே இல்லை. கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே விசைகள் தட்டப்பட்டன. ஆகவே அதில் தட்டச்சான ஆவணம் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் அனுமதிக்கப்பட்டபோது தமிழுக்கு 70 குறியீட்டெண்களே கிடைத்தன. ‘மாம்புரி’ என்று எழுதியதும் அவற்றில் எட்டுத் தீர்ந்தது. செய்திக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிடப்பட்ட காலத்தில், தாய்மொழியில் எழுதியவரே கூடுதலாகச் செலுத்தினார். வழு என்பது அழகியல் சார்ந்த குறையன்று, அதற்கு ஒரு விலையும் உண்டு என்பதற்காகவே இவ்விவரங்களைத் தருகின்றோம்.

இத்தகைய வழுவைக் கண்டவர் செய்யவேண்டியவை யாவை? அந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எதை உள்ளிட்டபோது, எதை எதிர்பார்த்து, எது நிகழ்ந்தது என்பதை வேறொருவர் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் அளவுக்குச் சுருக்கி எழுத வேண்டும். முன்னரே வேறெவரும் அறிவித்துள்ளனரா எனத் தேட வேண்டும். மூல நிரலைப் படியெடுத்து, வழு நேரும் வரியைக் கண்டறிந்து, இயன்றவரை குறைந்த வரிகளில் மாற்ற வேண்டும். ஒரு திருத்தத்தில் ஒரு வழுவையே தொடுவது மரபு. பழையபடி நிகழாது என்பதற்குச் சோதனை ஒன்றையும் சேர்த்து, மாற்றத்தின் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும். பராமரிப்பாளர் எனப்படுவோர் அதனை ஆராய்வர். பெயரிடல் பொருந்தாது, வேகம் குறையும், பிறமொழியில் இடர் செய்யும் என்று மறுப்புகள் வரலாம். மீண்டும் திருத்தி அனுப்புதல் வேண்டும். ஏற்கப்படின் அது மூலத்திற் கலந்து, அடுத்த வெளியீட்டில் உலகெங்கும் செல்லும். ஏற்கப்படாமலும் ஆண்டுக்கணக்கிற் கிடக்கலாம். புலமை அரங்கில் நூலரங்கேற்றம் செய்யச் சென்ற பழம்புலவரின் நிலையை இது நினைவூட்டுகின்றது. வேறுபாடு என்னவெனில், மறுக்கப்பட்டவர் மூலத்தை முழுதாகப் படியெடுத்துத் தனிக்கிளையாக நடத்தும் உரிமையை உரிமம் அவருக்கு வழங்குகின்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்தக் காலமும் கணினியும் உணவும் வேண்டும் என்பதை உரிமம் கூறுவதில்லை.

தமிழ் வழுக்கள் உண்மையில் யாராற் களையப்பட்டன என்று பார்த்தால் சில முரண்கள் புலனாகும். 1990களின் பிற்பகுதியில் புலம்பெயர்ந்த தமிழரும் பிறருமாக மின்னஞ்சலில் விவாதித்து ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடக்கிய மதுரைத்திட்டத்தில் தன்னார்வலர் பலர் இலக்கியங்களைத் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் உதவினர். திஸ்கியையும் யூனிக்கோட்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பகுதி, லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகத்தில் 2002இல் சேர்ந்தது. அதனை எழுதியவர் புரூனோ ஹைபிள் எனும் ஜெர்மானியர். இன்று ஆண்ட்ரோய்ட் கைபேசிகளிலும் ஃபயர்பொக்ஸ், லிப்ரே ஆபிஸ் முதலியவற்றிலும் தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்திக் காட்டுவது ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் திறந்த மூல நிரல். பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ எனப் பொருள்படும் பெயர் அது. அதன் இந்திய எழுத்துப் பகுதியை 2010களின் தொடக்கத்தில் மறுவாக்கம் செய்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத்.

தமிழர் அல்லாதவர் தமிழுக்கு உழைத்தனர் என்று வியந்து நிற்பதும், நம் எழுத்தை அந்நியர் கையில் விட்டோம் என்று புலம்புவதும் ஒருபாற் கோடலாகும். உழைப்பு எவ்வாறு பகுக்கப்பட்டது என்பதே நோக்கத்தக்கது. எஸ்பஹ்போத் தம் நிரலைச் சோதிக்க அந்தந்த மொழி விக்கிப்பீடியாவின் சொற்களைப் பயன்படுத்தினார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, ஈழத்தவரான இ. மயூரநாதன் உள்ளிட்ட பலர் ஊதியமின்றி எழுதி வளர்த்தது. கட்டுரை எழுதியவர் தாம் ஓர் எழுத்துருவமைப்பு நிரலுக்குச் சோதனைத்தளம் அமைக்கின்றோம் என்று எண்ணியிருக்கமாட்டார். எனினும் அவ்வுழைப்பு திருத்தற்பணியிற் கலந்தது. மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் சமுதாயத்தின் பொது அறிவு நேரடி உற்பத்திச் சக்தியாக மாறுவது பற்றிக் கூறியதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. மேலும் ஒன்று உண்டு. காட்டப்பட்ட வடிவம் சரியா என அறிவதற்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ‘யூனிஸ்கிரைப்’ என்னும் மூடிய நிரல். பெரும்பாலான எழுத்துருக்கள் அதற்கேற்பவே ஆக்கப்பட்டிருந்தமையால், அதன் வழுக்கள் சிலவற்றையும் அப்படியே பின்பற்றும் சோதனைநிலை ஒன்று ஹார்ஃப்பஸில் இருந்தது. ஏகபோக நிறுவனத்தின் வழக்கே சான்றோர் வழக்காயிற்று.

வழுவமைதிக்கு இன்னும் அழுத்தமான உதாரணம் யூனிக்கோட்டிலேயே உள்ளது. ஆய்த எழுத்துக்கு அங்கு சூட்டப்பட்ட பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்பதாகும். ஆய்தம் சார்பெழுத்து என்பதும், வடமொழி விசர்க்கம் வேறு என்பதும் நன்னூல் படிக்கும் மாணவர் அறிந்ததே. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்த்த ‘இஸ்கி’ எனும் இந்தியத் தரக் குறியேற்றத்தை 1991இல் யூனிக்கோடு தழுவிக்கொண்டபோது நேர்ந்த வழு இது. ஒருமுறை இடப்பட்ட பெயரையும் இடத்தையும் மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் உறுதிமொழி; மாற்றினால் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட ஆவணங்களும் இயங்கும் நிரல்களும் குலையும் என்பது அவர்கள் கூறும் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் அவ்வமைப்பில் வாக்குரிமையுள்ள உறுப்பினருட் பெரும்பாலோர் பெரும் கணினி நிறுவனங்கள் என்பதையும் சேர்த்தே அதனைப் படிக்க வேண்டும். சேர்க்கையாகச் செய்யத்தக்க திருத்தங்கள் நிகழ்ந்தன. 2005இல் ‘ஶ’ என்ற எழுத்தும் தமிழ்ச் சுழியமும் இடம்பெற்றன. அதன் விளைவாக ஸ்ரீ என்னும் வடிவத்தை இருவேறு குறியீட்டெண் வரிசைகளில் எழுதும் நிலை தோன்றியது. கண்ணுக்கு ஒன்றேயாயினும் தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. ஒரு வழுவைக் களைந்த திருத்தமே மற்றொரு வழுவுக்கு வித்திட்டது.

இலங்கையிலே திறந்த மூல இயக்கம் வேரூன்றிய வரலாறு தனியாக ஆராயத்தக்கது. 2003இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் லங்கா மென்பொருள் மன்றத்தை நிறுவி, உள்ளூர் நிரலாளரை அப்பாச்சி போன்ற உலகத் திட்டங்களில் பங்குபற்றத் தூண்டினர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பேரழிவு நிருவாகத்துக்கு உகந்த மென்பொருள் கைவசம் இருக்கவில்லை. தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதிய ‘சஹானா’ அவ்வாறு பிறந்தது. நிவாரணம் என்ற பொருளுடைய சிங்களச் சொல் அது. காணாமற்போனோரைப் பதிவதும் தேடுவதும் அதன் பணிகளுள் ஒன்று. கிழக்கின் தமிழ் பேசும் கரையோரம் பெரிதும் பாதிக்கப்பட்ட அவ்வேளையில், பெயரிலே ஓர் எழுத்து வழுவுவது என்ன பொருள்தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் சஹானா பயன்பட்டது. சமூகப் பயனுக்கான கட்டற்ற மென்பொருள் விருதும் 2006இல் அதற்குக் கிட்டியது. கூலியுழைப்பின் விதிகளுக்கு அப்பால் மனிதர் கூடி உழைக்க முடியும் என்பதற்கு இது நம் மண்ணின் சான்று. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். லங்கா மென்பொருள் மன்றத்தின் சூழலிலிருந்தே 2005இல் ‘டபிள்யூ எஸ் ஓ டூ’ என்னும் வணிக நிறுவனம் தோன்றியது. அப்பாச்சி உரிமம் திருத்தத்தை எவரும் எடுத்து மூடிய பொருளிலும் இணைத்துக்கொள்ள இடந்தருவது; மாற்றியவர் மாற்றத்தையும் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும் என்ற பொது மக்கள் உரிமத்தின் கட்டுப்பாடு அதில் இல்லை. 2024இல் அந்நிறுவனத்தைச் சுவீடனைத் தலைமையகமாகக் கொண்ட ‘ஈகியூடி’ முதலீட்டு நிறுவனம் வாங்க உடன்பட்டது. உலக அளவிலும் இதே போக்கையே காண்கின்றோம். 2001இல் மைக்ரோசொஃப்டின் தலைமை நிருவாகி லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2018இல் அதே நிறுவனம் திறந்த மூலத் திட்டங்கள் பெருமளவிற் குடியிருக்கும் ‘கிட்ஹப்’ தளத்தை 750 கோடி டொலர் மதிப்பில் விலைக்கு வாங்கியது. லினக்ஸ் கருநிரலின் திருத்தங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நிறுவனங்களில் ஊதியம் பெறுவோரால் எழுதப்படுவன என 2010களின் அறிக்கைகள் கூறின. திறந்த மூலத்தைப் பொதுவுடைமையின் முளை என உவகையோடு வரவேற்ற நண்பர்கள் இவ்விவரங்களைப் பொருட்படுத்த வேண்டும். பயன்பாட்டுப் பெறுமதி பொதுவில் உருவாகின்றது. பரிவர்த்தனைப் பெறுமதி தனியாரிடம் குவிகின்றது.

ஊதியம் எட்டாத மூலைகளில் நிலை வேறு. இணையத்தின் பெரும்பகுதிக்கு மறையாக்கம் வழங்கிய ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ நிரலில் 2014இல் பாரதூரமான வழுவொன்று வெளிப்பட்டபோது, அதில் முழுநேரமாகப் பணிபுரிந்தவர் ஒருவரே என்பது தெரியவந்தது. 2024இல் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு நிரலில், ஈராண்டுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்கள் அனுப்பிக் களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் களவு வாயில் ஒன்றை நுழைத்தமை அம்பலமானது. திருத்தத்தை ஆராய்வதும் உழைப்பே. அதற்குக் கூலி இல்லாதபோது ஆய்வு தளர்கின்றது.

கரைவலைத் தொழில் அறிந்தோர்க்கு இவ்வுறவு புதிதன்று. வலைக்கும் தோணிக்கும் உடைமையாளரான சம்மாட்டியார் பங்கெடுத்தபின் எஞ்சியதே வலையிழுத்தோருக்குப் பங்காகும். அறுந்த வலையைப் பொத்துவது பெரும்பாலும் அவ்வுழைப்பின் ஒரு கூறாகவே கொள்ளப்படும். ஒப்புமையை மிக நீட்டுவது பொருந்தாது. வலை ஒருவருக்கே உரியது. மூல நிரலோ படியெடுக்கப் படியெடுக்கக் குறையாதது. ஆனால் பொத்தியவர் எவர், பங்கெடுத்தவர் எவர் என்ற வினா இரண்டிடத்தும் ஒன்றே.

மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்தன. 2011இல் நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. அது இன்று 900 மெகாவாற்று வலுவுடையது. நாட்டின் கணினிகள் இயங்கும் மின்சாரத்திற் கணிசமான பங்கு இக்கரையிலிருந்து செல்கின்றது. அக்கணினிகளிற் செய்யப்படும் திருத்தங்களில் இக்கரைக்கு என்ன பங்கு? கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில், திறந்த மூலத்துக்கு உழைக்கும் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கப்படுகின்றது. அதிற் பங்குபற்றிய மாணவர் தொகையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உலகிலேயே முன்னணியில் நின்றது. இது பெருமைக்குரியது. ஆனால் அங்கே பொறியியல் பயிற்றப்படுவது ஆங்கிலத்தில். பல்கலைக்கழக அனுமதியிற் கல்வி வசதி குறைந்தவை எனக் கொள்ளப்பட்ட பதினாறு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கிய பின்னர், இக்குடாநாட்டின் பள்ளிகள் மேலும் நெருக்கடிக்குள்ளாயின. தமிழ்மொழி மூலம் கற்கும் மாம்புரி மாணவர் தம் ஊர்ப்பெயர் திரையிற் சிதைவதைக் காண்பார். அது ஏன் சிதைகின்றது என்பதை, மேலே கூறியவாறு, இலக்கண பாடத்தின் துணைகொண்டே விளங்கிக்கொள்ளவும் அவரால் முடியும். அதனை அறிவிக்கும் படிவமும் ஆராய்வோரின் மறுப்பும் ஆங்கிலத்தில் உள்ளன. இடைமுகச் சொற்களை மொழிபெயர்க்கத் தமிழர் அழைக்கப்படுகின்றனர். நிரலைத் திருத்தத் தமிழில் எழுதியோர் அழைக்கப்படுவதில்லை. முத்து அண்ணாமலை 2009இல் அறிமுகம் செய்த ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியும், எழுத்தை எழுத்தாக எண்ணித்தரும் ‘ஓப்பன் தமிழ்’ நூலகமும் இத்தடையைக் குறைக்க முயன்றவை. அவற்றின் பயன் கல்விக்கூடங்களில் இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை என்பது நம் கருத்து.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு பணி உண்டு. சுவடி தேடி ஊரூராகச் சென்ற மரபு நம்முடையது. வழு தேடியும் அவ்வாறு செல்லலாம். கற்பிட்டி, கண்டக்குழி, ஆலங்குடா, ஏத்தாளை, முதலைப்பாளி, நுரைச்சோலை, மாம்புரி என இக்குடாநாட்டின் ஊர்ப்பெயர்களையும், அங்கு வழங்கும் ஆட்பெயர்களையும் தொகுத்தால் அதுவே ஒரு சோதனைச் சொற்பட்டியலாகும். ஃபாத்திமா, ஸஹ்ரா போன்ற பெயர்களில் ஆய்தமும் கிரந்த எழுத்தும் கலந்து வருதலின், முஸ்லிம் மக்களின் பெயர்கள் இச்சோதனைக்குச் சிறப்பாகத் தேவைப்படுகின்றன. தனித்தமிழ் நோக்கிலே தொகுக்கப்படும் பட்டியல்கள் இவற்றை விட்டுவிடுவது வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எழுத்தெண்ணிக்கை, அகரவரிசையில் அதன் இடம், வெட்டினால் எங்கு வெட்டலாம் என்பவற்றைத் தமிழாசிரியர் குறித்துத் தரலாம். பொறியியல் மாணவர் அதனைச் சோதனை நிரலாக்கி, வழுவுள்ள திட்டங்களுக்குத் திருத்தத்தோடு அனுப்பலாம். அனுப்பும் குறிப்பில் தொகுத்தவர் பெயரையும் உடன்சேர்க்க இத்திட்டங்களின் பதிவுமுறை இப்போதே இடமளிக்கின்றது. முதற் பட்டியலுக்கு இருநூறு பெயர்கள் போதும். புலவர்களைத் தொகுக்கத் தொடங்கியபோது காசிச்செட்டியிடம் இருந்த தொகையும் ஏறத்தாழ அதுவே.